வீட்டில் எத்தனை படி?

ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஒரு வருடத்தில் ஐந்நூறு டிஸ்சார்ஜ் சம்மரியாவது எழுதியிருப்பேன். அதில் ஒன்றில்கூட அந்த மனிதர் போகிற வீட்டில் எத்தனை படி ஏற வேண்டும் என்று எழுதியதில்லை, கேட்கத் தோன்றியதுமில்லை. தென் மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி, மெடிசின் வார்டில் கட்டில் போதாமல் தரையிலும் பாய் விரித்திருக்கும், காலை ரவுண்ட்ஸில் சார் "இவரை அனுப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார், நான் மாத்திரைகளையும் "ஒரு வாரம் கழித்து ஓ.பி.க்கு வரவும்" என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது. ஆட்டோவில் போனாரா பஸ்ஸில் போனாரா, வீட்டில் யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், பாத்ரூமுக்கு யார் பிடித்துக் கூட்டிப் போனார்கள், எதுவும் தெரியாது. மகள் இருப்பாள், மருமகள் இருப்பாள் என்று ஒரு நினைப்பு.

கல்யாணமாகி அமெரிக்கா வந்து, ஒஹாயோவில் குடியேறி, எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கோ கணவருக்கோ தருவது) வேலை அனுமதிக்காக மாதக்கணக்கில் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் அந்த அட்டை கைக்கு வந்தபோது அமெரிக்க டாக்டர் உரிமத் தேர்வின் ஸ்டெப் 2வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் டாக்டராகப் பயிற்சி பெறும் இடம், கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு மருத்துவமனையில் கேஸ் மேனேஜ்மென்ட் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். டாக்டருக்குப் படித்துவிட்டு ஃபேக்ஸ் அனுப்புகிற வேலையா என்று அம்மா போனில் கேட்டார். ஆமாம், ஃபேக்ஸ்தான். அமெரிக்க மருத்துவமனைகளில் இன்றைக்கும் ஃபேக்ஸ் இருக்கிறது என்பதே எனக்கு முதல் அதிர்ச்சி.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் இதற்கு நேரான ஆள் கிடையாது. கேஸ் மேனேஜர் என்பவர் பெரும்பாலும் நர்ஸ் அல்லது சமூகப் பணியாளர். நோயாளி அட்மிட் ஆன மறுநாளே அவரிடம் போய், எங்கே இருக்கிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள், இதற்கு முன்னால் தானாக நடந்தீர்களா, இன்ஷூரன்ஸ் என்ன, மருந்து வாங்கக் காசு இருக்கிறதா என்று கேட்டு, இந்த ஆள் இங்கிருந்து எங்கே போகப் போகிறார் என்பதற்கு அன்றைக்கே ஒரு வழி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். வீடா, வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸா, மறுவாழ்வு மையமா, கடைசிக்காலப் பராமரிப்பு தரும் ஹாஸ்பைஸா. உதவியாளரான நான் அந்த இடங்களுக்கெல்லாம் காகிதம் அனுப்புவேன், போன் செய்வேன், "கட்டில் இருக்கிறதா" என்று கேட்பேன், மெடிகேர் (முக்கியமாக அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) நோயாளிகளிடம் நோட்டீஸ்களைக் கொடுத்து விளக்கிக் கையெழுத்து வாங்குவேன். மருத்துவ ஆலோசனை என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. நான் டாக்டர் என்று நோயாளியிடம் சொல்லிக்கொள்ளவும் கூடாது. இந்த இரண்டாவது விஷயம் முதல் இரண்டு மாதம் நாக்கைக் கடித்துக்கொண்டே கடந்தது.

(நோயாளிகளைப் பற்றி இனி சொல்பவற்றில் வயது, இடம், நோய் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

நான் செய்த முதல் பெரிய தப்பு ஆக்ஸிஜனில். நுரையீரல் கெட்டுப்போன ஒரு முன்னாள் லாரி டிரைவர், எழுபது தாண்டியவர், வெள்ளிக்கிழமை காலையிலேயே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். சட்டை மாற்றி, ஷூ லேஸ் கட்டி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தங்கை கீழே வண்டியோடு காத்திருந்தார். டாக்டர் "வீட்டில் 2 லிட்டர் ஆக்ஸிஜன்" என்று ஆர்டர் போட்டிருந்தார். நான் அந்த ஆர்டரையும், "2 லிட்டரில் 92 சதவீதம்" என்று ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவை நர்ஸ் எழுதியிருந்த பக்கத்தையும் ஆக்ஸிஜன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். எனக்கு அது போதும் என்று தோன்றியது, ஆக்ஸிஜன் வைத்துத்தான் 92 வருகிறது என்றால் இல்லாமல் குறையும் என்று யாருக்கும் தெரியாதா?

மூன்றரை மணிக்கு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். எண் எங்கே என்றார். எந்த எண்? பொறுமையாகச் சொன்னார்: ஆக்ஸிஜன் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு, ஆக்ஸிஜன் இல்லாமல் நடக்கும்போது எவ்வளவு, ஆக்ஸிஜன் வைத்து நடக்கும்போது எவ்வளவு, இந்த மூன்றும் வேண்டும். பொதுவாக 88 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் மெடிகேர் பணம் தரும். அதுவும் டிஸ்சார்ஜுக்கு முந்தைய இரண்டு நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், அட்மிட் ஆன அன்று எமர்ஜென்சியில் எடுத்த 84 செல்லாது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குப் போயாகிவிட்டது, நர்ஸ் பக்கத்து அறையில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். நேரம் தாண்டிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழிக்கான சிலிண்டர் கட்டிலுக்கு வராமல் அவரை அனுப்ப முடியாது. அவர் ஷூவைக் கழற்றியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். திட்டவில்லை. "பரவாயில்லை கண்ணு, லாரிக்காரனுக்குக் காத்திருப்பது பழக்கம்தான்" என்கிற அர்த்தத்தில் என்னமோ சொன்னார், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை காலை நர்ஸ் அவரை வராந்தாவில் நடத்தினார். உட்கார்ந்தபடி 91. நடக்கும்போது 86. இரண்டு லிட்டர் வைத்து நடக்கும்போது 93. மூன்று எண்கள், பத்து நிமிட வேலை. மத்தியானம் சிலிண்டர் வந்துவிட்டது. அந்தக் கூடுதல் இரவுக்கு மருத்துவமனைக்கு ஒரு பைசா அதிகம் வராது, ஏனென்றால் 1983இல் வந்த சட்டத்திலிருந்து மெடிகேர் பொதுவாக நாள் கணக்குப் பார்த்துப் பணம் தருவதில்லை, இந்த நோய்க்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தருகிறது. மேனேஜர்கள் ஏன் நாளை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஆனால் எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு. பிளெயின் எக்ஸ்ரேயில் ஒளிந்திருக்கும் நிமோனியாவைக் கண்டுபிடிப்பதுதான் மருத்துவம் என்று நினைத்திருந்தவள் நான். இங்கே நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, சரியான மருந்தும் கொடுத்து, நடக்க வைத்துப் பார்த்து மூன்று எண் எழுதாததால் ஒரு மனிதர் ஒரு இரவை இழந்தார்.

அப்புறம் அப்சர்வேஷன், அதாவது கண்காணிப்பில் வைத்திருப்பது. இதைப் படிக்கிற நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அமெரிக்காவில் பெற்றோரோ மாமனார் மாமியாரோ கிரீன் கார்டில் இருக்கலாம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தாலே இன்பேஷன்ட், அதாவது உள்நோயாளி, ஆகிவிட மாட்டீர்கள். டாக்டர் "அப்சர்வேஷன்" என்று ஆர்டர் போட்டிருந்தால், அதே கட்டில், அதே நர்ஸ், அதே சாப்பாட்டுத் தட்டு, ஆனால் கணக்கில் நீங்கள் வெளிநோயாளி. 2013 அக்டோபரிலிருந்து மெடிகேரில் இரண்டு நள்ளிரவு விதி இருக்கிறது: மருத்துவக் காரணத்தோடு இரண்டு நள்ளிரவாவது தங்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் எதிர்பார்த்தால் இன்பேஷன்ட், இல்லையென்றால் பொதுவாக அப்சர்வேஷன். இதில் என்ன வந்தது என்றால், மறுவாழ்வுக்காக ஸ்கில்ட் நர்சிங் மையத்துக்கு அனுப்பும்போது, பழைய முறை மெடிகேர் (தனியார் கம்பெனி வழியாக இல்லாமல் அரசே நேரடியாகத் தருவது) அதற்குப் பணம் தர தொடர்ந்து மூன்று நாள் இன்பேஷன்டாக இருந்திருக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்புகிற நாள் கணக்கில் சேராது. அப்சர்வேஷன் இரவுகளும் சேராது.

கீழே விழுந்து இடுப்பு வலியோடு வந்த ஒரு பாட்டி. எலும்பு முறியவில்லை. மூன்று இரவு இருந்தார், மூன்றும் அப்சர்வேஷன். 24 மணி நேரத்துக்கு மேல் அப்படி இருப்பவருக்கு 36 மணி நேரத்துக்குள் ஒரு நோட்டீஸ் கொடுத்து வாய்விட்டும் விளக்க வேண்டும், 2017இலிருந்து அது கட்டாயம். அதைக் கொடுக்கப் போனவள் நான்தான். பாட்டியின் மகள் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "என் அம்மா ராத்திரி இந்தக் கட்டிலில்தான் தூங்கினாள், அவள் எப்படி வெளிநோயாளி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் மகள் ஒரு வாரம் லீவு போட்டு, ஹாலில் கட்டில் போட்டு, வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டை ஏற்பாடு செய்துகொண்டு கூட்டிப்போனார்.

டாக்டராகப் போகிறவர்கள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, என்ன எழுதுகிறோம் என்பது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் உங்கள் நோயாளியைப் பார்த்ததில்லை, உங்கள் நோட்டைத்தான் பார்க்கிறார். நாம் பழக்கதோஷத்தில் தினமும் எழுதுகிற "நோயாளி நலமாக இருக்கிறார், வைட்டல்ஸ் ஸ்டேபிள்" என்ற வரியைப் படித்துவிட்டு, நலமாக இருப்பவருக்கு மருத்துவமனை எதற்கு என்று டினையல், அதாவது பணம் தர மறுக்கும் பதில், அனுப்புவார். பிறகு டாக்டர் வேலையை விட்டுவிட்டு அவர்கள் டாக்டரோடு போனில் வாதாட வேண்டும். அதே நோயாளியைப் பற்றி "நேற்று இரவு மறுபடியும் காய்ச்சல் 102, ஆன்டிபயாடிக் மாற்றியது, வாயால் எடுக்க முடியவில்லை, வாந்தி" என்று எழுதியிருந்தால் அந்தப் போனே தேவைப்பட்டிருக்காது. இல்லாததை எழுதச் சொல்லவில்லை, அது மோசடி, வேலையும் போகும். இருப்பதை எழுதுங்கள். நேற்றைய நோட்டை அப்படியே காப்பி செய்து ஒட்டுகிறவர்கள் யார் யார் என்று கேஸ் மேனேஜ்மென்ட் அறையில் எல்லாருக்கும் தெரியும், அது அந்த டாக்டர்களுக்குத்தான் தெரியாது.

நடுவில் ஒரு சின்ன விஷயம், சிரிப்பாக இருந்தாலும் முக்கியமானது. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் டாக்டர் ஒருவர் நடத்துகிற சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. பிரசவத்துக்குப் போவோம், அப்பெண்டிக்ஸுக்குப் போவோம். இங்கே நர்சிங் ஹோம் என்றால் வயதானவர்கள் நீண்ட நாள் தங்கும் இடம். ஒரு தமிழ்க் குடும்பத்திடம் அந்த வார்த்தையைக் கேஸ் மேனேஜர் சொன்னபோது மகன் "ஓ, ஓகே" என்று தலையாட்டினார், இன்னும் நல்ல ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஊரிலிருந்த அவருடைய அக்காவுக்கு அமெரிக்க அர்த்தம் தெரிந்திருந்தது போல, போனில் அழுது தீர்த்துவிட்டார், அப்பாவை முதியோர் இல்லத்தில் தள்ளுகிறாயா என்று. இரண்டுமே தப்பு. மூன்று வாரம் நடைப்பயிற்சிக்குத்தான் கேட்டார்கள்.

மொழி என்று வந்ததால் இன்னொன்று. என்னை அதிகம் யோசிக்க வைத்த கேஸ் அதுதான். மகளுடைய பிரசவத்துக்காக விசிட்டர் விசாவில் வந்த ஒரு அப்பா, அறுபதுகளின் கடைசி, சர்க்கரை நோயாளி. எமர்ஜென்சி வழியாக வந்தார், சர்க்கரை நானூறுக்கு மேல், உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்குத் தமிழ் தெரியும், ஆனால் நான் மொழிபெயர்க்கக்கூடாது, மருத்துவமனை அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். அதனால் ஸ்டாண்டில் மாட்டிய டேப்லெட்டில் எங்கிருந்தோ ஒரு தமிழர் தோன்றிப் பேச, நான் ஓரமாக ஃபைலைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நின்றேன். ஐயா "ரெண்டு நாளா மயக்கமா வருதுங்க" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை மயங்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார். தலை சுற்றினாலும் நமக்கு மயக்கம்தான், நினைவு தப்பினாலும் மயக்கம்தான். டாக்டர் உடனே இதயம், மூளை என்று டெஸ்ட்டுகளை யோசிக்க ஆரம்பித்தார். நான் மெதுவாக, நினைவு தப்பியதா என்று தனியாக ஒரு முறை கேட்கச் சொல்ல முடியுமா என்றேன். கேட்டார்கள். "இல்லைங்க, விழலை, கிறுகிறுன்னு இருக்கு" என்றார். டெஸ்ட்டு பட்டியல் பாதியாகக் குறைந்தது.

அதைவிடப் பெரியது அடுத்த கேள்வியில் இருந்தது. மருந்து வாங்குவதில் ஏதாவது சிரமம் உண்டா என்று கேஸ் மேனேஜர் வழக்கம்போலக் கேட்டார். "இல்லைங்க, ஊர்லேர்ந்தே கொண்டாந்துட்டேன்" என்றார் ஐயா. சரி, சிரமம் இல்லை என்று டிக் ஆகிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு மாமனார் வந்தபோது மூன்று மாத மாத்திரை கொண்டுவந்தார், அது எனக்கு நினைவு வந்தது. எந்த மாதம் வந்தார், எத்தனை மாத மாத்திரை கொண்டுவந்தார் என்று கேளுங்கள் என்று கேஸ் மேனேஜரிடம் சொன்னேன். வந்து நாலரை மாதம். கொண்டுவந்தது மூன்று மாதத்துக்கு. ஐயா மகளைப் பார்த்தார், பிறகு போர்வையைப் பார்த்தார். "பாதி பாதியா போட்டுக்கிட்டேன். ஊருக்குப் போற வரைக்கும் ஓட்டிரலாம்னு." இங்கே டாக்டரைப் பார்த்தால்தான் மாத்திரை, டாக்டரைப் பார்த்தால் இருநூறு டாலர் என்று மருமகன் யாரிடமோ பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. மகளுக்கு அப்போதுதான் தெரியும். கைக்குழந்தையோடு நின்றிருந்த அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

அவருடைய விசிட்டர் இன்ஷூரன்ஸ், முன்னரே இருந்த நோய் என்று சொல்லிப் பணம் தர இழுத்தடித்தது. பெற்றோரை அழைக்கிறவர்களுக்கு: பாலிசியில் பழைய நோய்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று டிக்கெட் போடும் முன்பே படித்துவிடுங்கள். தங்குகிற நாளுக்கு ஒரு மாதம் கூடுதலாகவே மாத்திரையும், மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். பில் வந்துவிட்டால் பயந்துபோய் கிரெடிட் கார்டில் கட்ட வேண்டாம், லாப நோக்கற்ற மருத்துவமனைகள் எல்லாம் நிதியுதவிக் கொள்கை ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், அதில் தகுதி உண்டா என்று முதலில் கேளுங்கள், விவரமான பில்லையும் கேளுங்கள்.

ரெசிடென்சிக்குக் காத்திருக்கிற தம்பி தங்கைகள் இந்த வேலையைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. உள்ளதைச் சொல்கிறேன். பல ப்ரோகிராம்கள் இதை நேரடி மருத்துவ அனுபவமாக எண்ணுவதில்லை, அப்சர்வர்ஷிப்போ (டாக்டரோடு நின்று பார்ப்பது) எக்ஸ்டெர்ன்ஷிப்போ (நோயாளியை நேரில் பார்த்துப் பழகுவது) தனியாகத் தேடத்தான் வேண்டும். ஆனால் காலைக் கூட்டத்தில் உட்கார்ந்து தினமும் முப்பது நோயாளிகளைப் பற்றி டாக்டர், நர்ஸ், மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் பேசுவதைக் கேட்பது, ஆறு மாதம் அப்சர்வராகக் கைகட்டி நின்றாலும் கிடைக்காது. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், நோயாளி பெயர் எதுவும் எழுதாமல், எது எதனால் தாமதமானது என்று மட்டும். என் நோட்டில் இருந்தவை: ஹெபடைடிஸ் பி ரிசல்ட் வராததால் டயாலிசிஸ் சென்டர் நாற்காலி தரவில்லை, முதல் நாளே அனுப்பியிருக்கலாம். பிசியோதெரபி ஆர்டர் நாலாம் நாள்தான் போட்டார்கள், அதனால் இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வெள்ளி சாயங்காலத்தில் மாட்டி திங்கள் வரை போனது. ரத்தம் உறையாமல் இருக்கும் புது மாத்திரைக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்மசியில் கேட்காமலே எழுதிக்கொடுத்தார்கள், நோயாளி வாங்காமல் போய்விட்டார். மறுவாழ்வு மருத்துவமனை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரப் பயிற்சியைத் தாங்குவாரா என்று கேட்டது, சார்ட்டில் அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்றே இல்லை.

அப்ரூவல் வரும் முன்பு "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வரியை நம்பி மகன் வேறு ஊரிலிருந்து லீவு போட்டு வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

கெட்ட பழக்கமும் வரும், மறைக்க மாட்டேன். எட்டு ஒன்பது மாதத்தில் நானே "412 போயாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். 412ஆம் அறையில் இருந்தவர் பெயர் கேட்டால் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் ஒரு நோயாளி டிஸ்சார்ஜை எதிர்த்து அப்பீல் செய்யப் போகிறேன் என்றார். மெடிகேர்காரருக்கு அந்த உரிமை உண்டு, அந்த நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதே நான்தான், அப்படியும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. முப்பது வருடம் நர்ஸாக இருந்த எங்கள் சீனியர் கேஸ் மேனேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பீல் நம்பரை நீயே டயல் செய்து அவர் கையில் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினார். போய்க் கொடுத்தேன். அவர் வீட்டில் தனியாள், குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியாது என்பதை அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னார், அதுவரை நாங்கள் கேட்டது வாசற்படியை மட்டும்.

ரெசிடென்சி நேர்காணல்களில் எல்லாரும் கேட்பார்கள், படித்து முடித்து இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று. முதல் இரண்டு நேர்காணலில் நான் இந்த வேலையைப் பற்றி மன்னிப்புக் கேட்கிற தொனியில்தான் பேசினேன். மூன்றாவதில் களைத்துப்போய், லாரி டிரைவர் ஷூவைக் கழற்றிய கதையை அப்படியே சொன்னேன், என் தப்பு உட்பட. கேட்டுக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எங்கள் வார்டில் அந்த மூன்று எண்ணை யார் எடுக்கிறார்கள் தெரியுமா? யாருமே எடுப்பதில்லை" என்றார். மிச்சமிருந்த இருபது நிமிடமும் அவர் என் மார்க்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சிலிண்டரை எப்படி வரவழைப்பது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.